பரீட்சையில் தேறிய பதிவேடு

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி, பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த தேசத்தைத் தூக்கி நிறுத்தும் உத்தேசத்துடன் அமெரிக்க ஜனாதிபதி பராக் ஒபாமா கையொப்பமிட்ட பெரும் சட்டத்தினுள், பற்பல இனங்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகைகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டுகளைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்கென்றே ஒரு தனிப் பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. ஹைடெக் சட்டம் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியின் கீழ், அடுத்து வந்த ஆண்டுகளில் 3,500 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. டாக்டர்கள் நோயாளியைப் பற்றிக் குறித்து வைக்கும் முறையை மாற்றுவதற்கு இத்தனை திரவியம் எதற்கு, அதைக் கொண்டு வாங்கிய சாதனம் எத்தகையது, அது நல்ல சாதனந்தான் என்று சான்று வழங்கியவர்கள் அதை எவ்விதம் பரீட்சித்தார்கள் என்னும் கேள்விகள், நோய்வாய்ப்பட்டு ஒரு முறையேனும் ஆஸ்பத்திரிப் படியேறிய எவருக்கும் சம்பந்தமுள்ளவை.

கேஸ் ஷீட் என்பது நோயாளிக்காக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஞாபகம். காலையில் பார்த்த டாக்டர் மாலையில் இருப்பதில்லை. சென்ற வருஷம் அறுவை செய்தவர் இன்று வேறு ஊரில் இருக்கலாம். மயக்கமுற்றுக் கிடப்பவர் தமக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதைத் தாமே சொல்ல இயலாது. இவர்களுக்கிடையே செய்தி சொல்லும் பொறுப்பு முழுவதும் அந்தத் தாள்களின் மேல் விழுகிறது. தாள்களோ கிறுக்கலாக எழுதப்படுகின்றன, தொலைகின்றன, தேவைப்படும் நேரத்தில் வேறொரு கட்டிடத்தின் அலமாரியில் இருக்கின்றன. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைத் தவறுகளால் ஆண்டொன்றுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று அந்நாட்டு மருத்துவக் கழகம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டபோது, அத்தவறுகளில் பல செய்தி போய்ச் சேராத குறையினால் நேர்பவை என்பதைப் பலரும் உணர்ந்தனர். 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அங்கிருந்த ஆஸ்பத்திரிகளிலும் டாக்டர்களின் அறைகளிலும் காகிதத்தில் இருந்தவையெல்லாம் நனைந்து அழிந்து போக, முன்னாள் ராணுவத்தினருக்காக மத்திய சர்க்கார் நடத்தும் ஆஸ்பத்திரிகளின் நோயாளிகள் எந்த ஊருக்குச் சிதறிப் போயிருந்தாலும் அவர்களுடைய பூர்வ சரித்திரத்தை அங்கிருந்த டாக்டர் திரையில் காண முடிந்தது. கம்ப்யூட்டர்ப் பதிவேட்டின் பிரயோஜனத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

யோசனை ஒன்றும் புதிதல்ல. நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினையையும் தனித்தனியே வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்றும், அதற்குக் கம்ப்யூட்டர் துணைபுரியும் என்றும் லாரன்ஸ் வீட் என்னும் மருத்துவர் 1968-இலேயே எழுதினார். இண்டியானாபொலிஸ் நகரின் ரீகன்ஸ்டிரீஃப் நிலையத்தில் கிளெமெண்ட் மக்டொனால்ட் என்பவர் 1972 முதல் அப்படியொரு பதிவேட்டை நடத்திக் காட்டினார். எனினும், ஹைடெக் சட்டம் வந்த அதே 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, எல்லாப் பிரிவுகளையும் தழுவிய முழுமையான மின்னணுப் பதிவேடு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஒன்றரை பங்கில்தான் இருந்தது. இதற்குக் காரணம் சோம்பலோ பழமைப் பற்றோ அன்று. செலவைத் தாங்குபவர் டாக்டர். வாங்கிய பின் மாதக்கணக்கில் வேகம் குறைந்து வருமானம் இழப்பவரும் டாக்டர். ஒரே பரிசோதனை இரண்டு முறை செய்யப்படாமல் தவிர்ந்தால் மிச்சப்படும் பணமோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் போய்ச் சேர்கிறது. பாரம் ஒருவர் தோளிலும் பலன் வேறொருவர் கையிலுமாக இருக்கும் காரியம் தானாக நடைபெறாது என்பதை உணர்ந்தே சர்க்கார் பணத்துடன் முன்வந்தது.

ஏற்பாடு இதுதான். முதியோர் மருத்துவத் திட்டமாகிய மெடிகேரின் கீழ் ஒரு டாக்டருக்கு 44,000 டாலர் வரையிலும், ஏழைகளுக்கான மெடிகெய்டின் கீழ் 63,750 டாலர் வரையிலும் ஊக்கத்தொகை கிடைத்தது. 2015 முதல், பதிவேட்டைக் கைக்கொள்ளாதவர்களுக்கு மெடிகேர் கொடுத்த கட்டணத்தில் பிடித்தம் இருந்தது. பணம் பெறுவதற்கு இரண்டு நிபந்தனைகள்: பதிவேட்டை வாங்கி வைத்தால் போதாது, அதை 'அர்த்தமுள்ள' முறையில் உபயோகித்ததாக டாக்டர் உறுதிமொழி தர வேண்டும், அந்தப் பதிவேடும் சர்க்கார் அங்கீகரித்த முறையில் சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும் என்று விதித்தனர். ஐந்தாறு ஆண்டுகளில் காட்சி மாறியது. 2015-இல் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 96 சான்றிதழ் பெற்ற பதிவேட்டை வைத்திருந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது மகத்தான வெற்றி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்த மாளிகை முழுவதும் சான்றிதழ் என்னும் ஒற்றைத் தூணின் மேல் நின்றது. ஒரு சாதாரண டாக்டர், நூற்றுக்கணக்கான கம்பெனிகள் கூவி விற்கும் மென்பொருள்களில் எது மருந்தின் பெயரைச் சரியாக அனுப்பும், எது இரண்டு மருந்துகளின் பகையைக் கண்டு எச்சரிக்கும், எது பிற்காலத்தில் வேறொரு கம்பெனிக்கு மாற நேர்ந்தால் நோயாளிகளின் விவரங்களைச் சேதமின்றித் திருப்பித் தரும் என்பதையெல்லாம் திறந்து பார்த்து அறியக்கூடியவர் அல்லர். அவருக்காக அதைப் பார்க்கும் பொறுப்பை, தேசிய ஒருங்கிணைப்பாளர் அலுவலகம் என்னும் சர்க்கார் நிலையம் வகுத்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற தனியார் பரிசோதனைக் கூடங்கள் ஏற்றன. 2011, 2014, 2015 என்று ஆண்டுகளின் பெயர் தாங்கிய பதிப்புகளாக விதிகள் வந்தன. ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைவிடக் கடினமாக இருந்தபடியால், சிறு கம்பெனிகள் மூச்சுத் திணறின. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் தேறிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் போதிய அளவு கிடைக்காமற் போகவே, சர்க்காரே தன் நிபந்தனையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

பரீட்சை எப்படி நடந்தது? எந்தெந்தக் காரியங்களை மென்பொருள் செய்து காட்ட வேண்டும், எந்தக் கற்பனை நோயாளியின் விவரங்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்பவை செய்முறைக் குறிப்புகளாக முன்கூட்டியே பகிரங்கமாக வெளியிடப்பட்டிருந்தன. கம்பெனியின் ஆட்கள் தங்கள் மென்பொருளைத் தாங்களே இயக்கிக் காட்ட, பரிசோதகர் பார்த்துக் குறித்துக் கொள்வார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற நியாயத்தை முன்னிட்டே இவ்விதம் செய்தார்கள். அந்த நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் வினாத்தாளை முன்னதாகவே கையில் கொடுத்து நடத்தும் தேர்வில், பாடத்தைப் படித்தவனும் அந்த வினாக்களுக்கு மட்டும் விடையை மனப்பாடம் செய்தவனும் ஒரே மதிப்பெண்ணைப் பெறுவார்கள் என்பது பள்ளிக்கூட வாத்தியார் எவருக்கும் தெரிந்ததே.

அதுதான் நடந்தது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்னும் பெரிய கம்பெனியின் மென்பொருளை, நியூயார்க் நகரத்தின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கைதிகளின் சிகிச்சைக்காக நிறுவிக் கொண்டிருந்த நகர சர்க்கார் ஊழியர் ஒருவர், அதில் கண்ட கோளாறுகளைப் பொறுக்க மாட்டாமல் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். சான்றிதழ் விதியின்படி, அமெரிக்காவில் வழங்கும் மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் தேசிய மருத்துவ நூலகம் கொடுத்திருக்கும் பொதுக் குறியீட்டை, முழுப் பட்டியலிலிருந்து தேடி எடுக்கும் ஆற்றல் மென்பொருளுக்கு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது பெயர் குழம்பாமல் காப்பது அந்தக் குறியீடுதான். கம்பெனியோ அந்த ஆற்றலை உண்டாக்குவதற்குப் பதிலாக, பரீட்சையில் கேட்கப்படும் 16 மருந்துகளின் குறியீடுகளை மட்டும் மென்பொருளுக்குள் நேராகத் தட்டச்சு செய்து வைத்துவிட்டது என்பது சர்க்காரின் குற்றச்சாட்டு. மருந்துகளின் பகையைச் சோதிப்பதும், எக்ஸ்ரே முதலிய படங்களுக்கான உத்தரவுகளைப் பதிவதும், யார் எதை எப்போது மாற்றினார் என்ற தடத்தைக் காப்பதும் அதில் நம்பத் தகுந்தவையாக இல்லை என்றும் சர்க்கார் கூறியது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், 15 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது. அதில் சுமார் 3 கோடி டாலர் வழக்கைக் கொண்டுவந்த ஊழியருக்குக் கிடைத்தது.

இந்த வழக்குக்கு ஆதாரமான சட்டம் 1863-இல், உள்நாட்டுப் போர்க்காலத்தில், சேனைக்குக் கெட்டுப்போன சரக்கை விற்றுச் சர்க்காரை ஏமாற்றிய வியாபாரிகளைத் தண்டிப்பதற்காக ஆபிரகாம் லிங்கன் காலத்தில் பிறந்தது. பொய்யான காரணத்தைக் காட்டிச் சர்க்கார்ப் பணத்தைப் பெறுவதும், பிறர் அறியாமல் அப்படிப் பெறும்படி செய்விப்பதும் அதன்படி குற்றம். சான்றிதழை நம்பி ஊக்கத்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான டாக்டர்கள், தாங்கள் கொடுத்த உறுதிமொழிக்கு ஆதாரமில்லை என்பதை அறியாமலே கொடுத்திருந்தனர். அவர்களில் நாணயமானவர்கள் பட்ட மனவேதனையைக் கணக்கிட எந்தத் தீர்ப்பிலும் இடமில்லை.

இது தனியொரு கம்பெனியின் கதையன்று. கிரீன்வே ஹெல்த் என்னும் மற்றொரு கம்பெனி, பரீட்சைக்குக் கொண்டுவந்த பிரதியை மட்டும் மாற்றிச் சோதித்தவர்களை ஏமாற்றியதாக எழுந்த குற்றச்சாட்டின் பேரில், 2019-இல் 5 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த பிராக்டிஸ் ஃப்யூஷன் விவகாரம் இவற்றைக் காட்டிலும் கொடியது: நோயாளியின் வலியைப் பற்றி டாக்டருக்கு ஆலோசனை கூறும் குறிப்பு திரையில் தோன்றும்படி, அபின் வகை வலி நிவாரணி விற்கும் மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்ததாக அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டு 14 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்தியது. அந்தக் குறிப்பை வடிவமைப்பதில் மருந்துக் கம்பெனிக்கும் பங்கிருந்தது. டாக்டரின் மனசாட்சிக்கும் நோயாளியின் உடம்புக்கும் நடுவே விலை பேசி நுழைந்த இந்தக் குறிப்புகளை, அவ்வகை மருந்துகளுக்கு அடிமையாகி ஆயிரமாயிரம் பேர் மாண்டு கொண்டிருந்த தேசத்தில், வஞ்சகம் என்ற சொல்லாலன்றி வேறு சொல்லால் குறிக்க எனக்கு மனம் வரவில்லை.

வஞ்சகத்தைச் சட்டம் தண்டிக்கும். எந்தச் சட்டமும் தண்டிக்க இயலாத ஆபத்து ஒன்று இருக்கிறது. மென்பொருள் நேர்மையானதாக இருந்து, ஆஸ்பத்திரி சிறந்ததாக இருந்து, பணி செய்பவர்கள் சிரத்தையுள்ளவர்களாக இருந்தும் நேரிடும் ஆபத்து அது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2013 ஜூலையில் நடந்ததை, அங்கேயே பணிபுரியும் ராபர்ட் வாக்டர் என்னும் மருத்துவர் 2015-இல் வெளியான தம் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 16 வயதுப் பையன் ஒருவனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை ஒன்று. அவனுடைய எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி, அதாவது ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே, மருந்தளவைக் குறிக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் நல்ல நோக்கமுள்ள விதி. அந்தக் கணக்கின்படி வந்த அளவுக்கு மாத்திரை கிடையாதாகையால், கிடைக்கக்கூடிய 160 மில்லிகிராம் மாத்திரைக்கு உத்தரவை மாற்றும்படி மருந்தாளுநர் கேட்டார். பயிற்சி டாக்டர் 160 என்று தட்டினார். திரையோ கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கிலேயே நின்றிருந்தது. கம்ப்யூட்டர் 160-ஐ 38.6-ஆல் பெருக்கிற்று.

ஒரு மாத்திரைக்குப் பதில் முப்பத்தெட்டரை மாத்திரை! அளவு மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கை டாக்டரின் திரையில் தோன்றியது. தினந்தோறும் அர்த்தமற்ற எச்சரிக்கைகளைத் தள்ளித் தள்ளிப் பழகிய கை அதையும் தள்ளிவிட்டது. மருந்தாளுநரின் திரையிலும் தோன்றியது; அங்கும் அதே கதி. மருந்தறையின் இயந்திரக் கை மாத்திரைகளைப் பிழையின்றி எண்ணிப் பொட்டலமாக்கியது. இரவுப் பணியில் இருந்த நர்ஸுக்கு இவ்வளவு மாத்திரைகளா என்று மனம் துணுக்குற்றது. ஆனால் பொட்டலத்தின் பட்டைக் கோட்டைக் கருவியால் படித்துப் பார்த்தபோது, உத்தரவும் மருந்தும் பொருந்துகின்றன என்று கம்ப்யூட்டர் உறுதி கூறியது. இத்தனை உறுதிகளுக்கு எதிராகத் தம் ஒருவருடைய சந்தேகத்தை நம்பும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? பையன் விழுங்கினான். சில மணி நேரத்தில் அவனுக்கு வலிப்பு கண்டது. நல்ல வேளையாக உயிர் பிழைத்தான்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைச் சான்றிதழ்ப் பரீட்சை கண்டுபிடித்திருக்கும்? மருந்துக்கு உத்தரவிட முடிகிறதா என்றால் முடிந்தது. எச்சரிக்கை வருகிறதா என்றால் வந்தது. சோதிக்க வேண்டிய ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்க, ஆஸ்பத்திரியின் விதியும் திரையின் அமைப்பும் இரவு நேரமும் ஒன்று சேர்ந்தபோதுதான் விபரீதம் விளைந்தது. சான்றிதழ் விதிகளெல்லாம் பிறக்கும் முன்பே இதற்கு ஒரு முன்னறிவிப்பு வந்திருந்தது. பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் ஆஸ்பத்திரி 2002-இல், டாக்டர்கள் கம்ப்யூட்டர் வழியாகவே உத்தரவிடும் முறையைப் புகுத்தியபோது, வேறிடங்களிலிருந்து அவசரமாக அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் மரண விகிதம் நூற்றுக்கு 2.80-இலிருந்து 6.57-ஆக உயர்ந்ததாக அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர்களே 2005-இல் வெளியிட்டனர். முன்பெல்லாம் குழந்தை வழியில் வரும்போதே மருந்துக்குச் சொல்லி வைப்பார்கள். புதிய முறையில், குழந்தை வந்து சேர்ந்து கம்ப்யூட்டரில் பதிவான பிறகே உத்தரவிட முடிந்தது. அதே மென்பொருளை நிறுவிய சியாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மரண விகிதம் உயரவில்லை. ஒரே சாதனம், இரண்டு ஆஸ்பத்திரிகள், இரண்டு முடிவுகள்! கம்பெனியின் பிரதியை ஒரு கூடத்தில் வைத்துப் பார்த்துக் கொடுக்கும் சான்று, அது போய் உட்காரும் வார்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

உபயோகிப்பவர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்து அதன் முடிவை வெளியிட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு விதி சேர்த்தார்கள். அந்த அறிக்கைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, 41 கம்பெனிகளில் நூற்றுக்கு 63 பங்கு, சோதனைக்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்று கருதப்படும் 15 பேரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை என்றும், மருத்துவப் பின்னணியுள்ள 15 பேரை வைத்துச் சோதித்தவை நூற்றுக்கு 22 மட்டுமே என்றும் காட்டிற்று. அப்படியிருந்தும் அத்தனை மென்பொருள்களும் சான்றிதழ் பெற்றிருந்தன.

அவற்றின் விளைவை டாக்டர்கள் அன்றாடம் அனுபவிக்கிறார்கள். நோயாளியுடன் நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் எழுத்து வேலையிலும் கழிகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. போதாததற்கு இரவில் வீட்டிலும் ஒன்றிரண்டு மணி நேரம். கட்டணம் கேட்பதற்கும், சர்க்காரின் அளவுகோல்களுக்குக் கணக்குக் காட்டுவதற்கும், வழக்கு வந்தால் தற்காத்துக் கொள்வதற்குமாகக் கட்டங்கள் பெருகப் பெருக, நோயாளியின் கதை அவற்றின் நடுவே சிதறிப் போகிறது. எதிரில் அமர்ந்து தன் வேதனையைச் சொல்லும் மனிதர் டாக்டரின் முகத்தைப் பார்க்க, டாக்டர் திரையைப் பார்க்கிறார். இதில் டாக்டரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

ஊர் விட்டு ஊர் போகும் பதிவேடு என்ற ஆதி நோக்கமும் நெடுங்காலம் நிறைவேறவில்லை. எல்லா ஆஸ்பத்திரிகளும் கம்ப்யூட்டர் வைத்திருந்தும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விவரத்தை அச்சடித்து ஃபாக்ஸில் அனுப்பும் வழக்கம் தொடர்ந்தது. விவரத்தை விட்டுக்கொடுத்தால் நோயாளியும் வாடிக்கையும் போய்விடும் என்ற வியாபாரக் கணக்கு இதற்கு ஒரு முக்கிய காரணம். 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் விவரத்தை வேண்டுமென்றே மறிப்பதைக் குற்றமாக்கி, கம்பெனிகளுக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 10 லட்சம் டாலர் வரை அபராதம் விதித்தது. பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் 2011-இல் தொடங்கிவைத்த ஃபயர் என்னும் பொது முறை இன்று அந்த விதிகளின் அஸ்திவாரமாக இருக்கிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்ட இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமும் அதையே கைக்கொண்டிருக்கிறது.

அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, சான்றிதழ் பெற்ற மென்பொருள்கள் பரிசோதனைக் கூடத்தோடு நில்லாமல், உண்மையான சிகிச்சை நடக்கும் இடங்களிலும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த இடத்தில், எந்த முறையில் சோதிப்பது என்பதைக் கம்பெனியே தீர்மானித்துத் திட்டம் தருகிறது. இது எனக்குத் திருப்தியளிக்கவில்லை. இதைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது, அதே சட்டத்திலிருந்து வந்த வேறொரு விதியை. அதுவரையில் பல கம்பெனிகள், மென்பொருளில் கண்ட குறையை வெளியே பேசக் கூடாதென்றும், திரையின் படத்தைப் பிறருக்குக் காட்டக் கூடாதென்றும் ஆஸ்பத்திரிகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கி வந்தன. ஓரிடத்தில் ஒரு குழந்தைக்கு ஆபத்து விளைவித்த திரை, நூறு மைலுக்கு அப்பால் உள்ள ஆஸ்பத்திரியில் மறு நாளும் அப்படியே இருப்பதற்கு அந்த மௌனம் உதவிற்று. இப்போது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியும் உபயோகத்தின் சிரமங்களைப் பற்றியும் பேச விடாமல் வாயைக் கட்டும் கம்பெனிக்குச் சான்றிதழ் கிடையாது. நர்ஸுகளும் மருந்தாளுநர்களும் பயிற்சி டாக்டர்களும், தங்களைத் தடுமாற வைத்த திரைகளின் படங்களை இனி அச்சமின்றி வெளியிடலாம். அடுத்த பரீட்சையின் வினாக்கள் அந்தப் படங்களிலிருந்தே எழுதப்பட வேண்டும் என்பதும், அவற்றைக் கம்பெனிகள் முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்பதும் சான்றளிக்கும் அதிகாரிகளிடம் நான் வைக்கும் கோரிக்கை.